பொருள்: 'நீச்சல்பை நோய்' வேண்டாம், 'மிதப்புக் கோளாறு' என்போமா?

வணக்கம்.

வளர்ப்பு மீன் குறிப்புகளின் வரைவைத் திருத்த உட்கார்ந்தவன் நேற்று இரவு ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். மீன் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதக்கிறதே, அதற்கு வரைவில் 'நீச்சல்பை நோய்' என்று இருக்கிறது. போட்டது நான்தான், மீனின் உடம்புக்குள் வாயு நிறைந்திருக்கிற பையை ஆங்கிலத்தில் ஸ்விம் பிளாடர் என்பார்களே, அதை அப்படியே உரித்து எழுதியது. இப்போது படித்தால் நீச்சல் குளத்துக்குத் துண்டும் கண்ணாடியும் எடுத்துப்போகிற பை மாதிரி இருக்கிறது.

சிரிப்பு ஒருபக்கம். எனக்கு இதில் இரண்டு சங்கடம். முதலாவது, அந்தப் பை நீந்துவதற்கானது இல்லை. மீன் நீந்துவது வாலையும் உடலையும் அசைத்து. துடுப்பை ஓயாமல் அடிக்காமலே ஒரே ஆழத்தில் நிற்க உதவுவதுதான் பையின் முக்கிய வேலை. சுறாவுக்கு இந்தப் பையே கிடையாது, எண்ணெய் நிறைந்த ஈரலை வைத்துச் சமாளிக்கிறது, அது நீந்தவில்லையா என்ன? தமிழில் நீந்துவது வேறு, மிதப்பது வேறு. இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் இரண்டையும் நாமே குழப்புவானேன்?

உறுப்புக்குப் பாடநூலில் 'காற்றுப்பை' இருக்கிறதே என்று போன மடலில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, தப்பும் இல்லை. ஆனால் நுரையீரலின் நுண்ணறைக்கும் அதுதான், காரில் விபத்தின்போது விரிகிற பைக்கும் அதுதான். எனக்கு ஆசை இருப்பது கடற்கரைச் சொல்லில். கூறல், கத்தாழை போன்ற மீன்களின் வயிற்றிலிருந்து எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு ஏற்றுமதிக்குப் போகிறதே, அதை மீனவர்கள் 'நெட்டி' என்பார்கள். தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் பொம்மையும் செய்கிற, பொங்கலுக்கு மாட்டுக்கு மாலையாகக் கட்டுகிற நெட்டியும் அதே பெயர்தான். எடையே இல்லாமல் நீரில் மிதக்கிற வெள்ளைத் தண்டு. ஒன்றைப் பார்த்து மற்றதற்குப் பெயர் வந்திருந்தாலும் வியப்பில்லை. கையில் இப்படி ஒரு சொல் இருக்கும்போது பையைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி. மீன்தொட்டிக்காரர்களுக்கு இது புதிது என்பதால் முதல் இடத்தில் மட்டும் 'நெட்டி எனும் காற்றுப்பை' என்று எழுதிவிட்டு அப்புறம் வெறும் நெட்டி.

இரண்டாவது சங்கடம்தான் பெரியது. நெட்டி நோய் என்று மாற்றினாலும் அது தீராது, ஏனென்றால் நாம் பார்ப்பது நோயே இல்லை, ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. மலச்சிக்கலில் குடல் வீங்கி நெட்டியை அழுத்தலாம், முட்டை கட்டியிருக்கலாம், சிறுநீரகம் வீங்கியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம், தண்ணீர் கெட்டிருக்கலாம். பல நேரம் நெட்டி பாவம், ஒன்றும் செய்யாமல் பழி சுமக்கிறது.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். கொளத்தூரில் வாங்கிய ஒரண்டா ரகத் தங்கமீன் ஒன்று, இரண்டு வருடம் நன்றாக இருந்தது, ஒருநாள் வாலைத் தூக்கிக்கொண்டு மேலே மிதந்தது. கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்: "ஏர் புடிச்சிருச்சு சார், பட்டாணி போடுங்க." நாலு நாள் பட்டாணி போட்டேன். மீன் பட்டாணியைத் தின்றதே தவிர நிமிரவில்லை. ஐந்தாம் நாள்தான் தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா ஏறிக்கிடந்தது. அதற்கு முந்தைய வாரம் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று அலசிப் போட்டது நான்தான், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவெல்லாம் அதோடு போயிற்று. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி ஒரு வாரத்தில் மீன் நேரானது. நோயின் பெயரில் 'பை' என்று இருந்ததால் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

அதனால்தான் 'மிதப்புக் கோளாறு'. மிதப்பு விசை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எந்த உறுப்பின் மேலும் பழி போடாத பெயர். 'வாயுப்பிடிப்பு' என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார், கேட்க அழகு, கடைக்காரர் பேச்சுக்கும் பக்கம். ஆனால் அது வாயுதான் காரணம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது, அடியில் போய்க் கிடக்கிற மீனுக்குப் பொருந்தவும் பொருந்தாது. "அவன் ஒரு மிதப்புல திரியுறான் என்கிற பொருள் வந்துவிடாதா?" என்று கேட்டவருக்கு: வரட்டும், மீனைப் பற்றிப் பேசும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குள் இரண்டு வகை பிரிக்கவேண்டும். மேலே வந்து இறங்க முடியாமல் தவிப்பது 'மேல்மிதப்பு'. அடியில் கிடந்து எழும்ப முடியாதது 'தரைதட்டல்', கப்பலுக்குச் சொல்வதுதான். பிரித்தால் பராமரிப்பும் பிரியும். மேல்மிதப்பில் முதுகு தண்ணீருக்கு வெளியே நின்றால் அந்தத் தோல் காய்ந்து புண்ணாகும், கவனிக்கவேண்டும். தரைதட்டிய மீனுக்கு வயிறு கூழாங்கல்லில் உரசும், கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறைக்கவேண்டும். இரண்டுக்குமே நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும்.

அடுத்தது நாளம். தங்கமீனுக்கு உணவுக்குழாயிலிருந்து நெட்டிக்கு ஒரு குழாய் போகிறது, வாயால் காற்றை விழுங்கி நிரப்பிக்கொள்ளும். ஃபைட்டர் மீனில் அந்தக் குழாய் இல்லை, இரத்தத்திலிருந்தே வாயு சுரந்து நிரம்புகிறது. நாளமில்லாச் சுரப்பி என்று எல்லோருக்கும் தெரியும், அதே தடத்தில் 'நாளமுள்ள நெட்டி', 'நாளமில்லா நெட்டி' என்றால் விளக்கமே வேண்டாம். மிதக்கும் குருணைத் தீனியை ஊறவைத்துப் போடு என்று தங்கமீன்காரர்களுக்குச் சொல்வதன் காரணமும் இதிலேயே புரிந்துவிடும்: மேற்பரப்பில் கவ்வும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது.

சிகிச்சைப் பகுதியில் நான் மாற்ற நினைப்பது வரிசையை. முதலில் தண்ணீர்ச் சோதனை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இல்லையென்றால் வேறு எதையும் யோசிக்காமல் தண்ணீர் மாற்று. அப்புறம் இரண்டு மூன்று நாள் பட்டினி. அதற்குப் பிறகுதான் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, அதுவும் தங்கமீனுக்கு. ஃபைட்டர் பூச்சி தின்கிற மீன், அதற்குப் பட்டாணி எதற்கு, டாப்னியா என்கிற பொடி நீர்வாழ் உயிரியைக் கொடுக்கலாம். எப்சம் சால்ட் என்று வரைவில் இருப்பதைப் 'பேதியுப்பு' ஆக்கலாம், பழைய சொல், வேலையையும் சொல்கிறது. கல்லுப்பு அல்ல என்று பக்கத்திலேயே எழுதாவிட்டால் யாராவது சமையலறையிலிருந்து அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

செதில் சிலிர்த்து நின்றால் அது வேறு கதை, உடலில் நீர் கோத்திருக்கிறது. அதற்கு 'மகோதரம்' என்கிற பழைய சொல்லே போதும். கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தால் மீன் மருத்துவம் தெரிந்தவரைப் பார்க்கச் சொல்வோம், ஆன்டிபயாட்டிக் அளவை நாம் எழுதவேண்டாம். எக்ஸ்ரே எடுத்தால் தங்கமீனின் நெட்டி இரண்டு அறைகளாகக் கருப்பாகத் தெரியும், எது வீங்கியது எது நகர்ந்தது என்று அதில்தான் உறுதியாகும். உருண்டை உடம்பு ரகங்களில் உள்ளே இடமே நெருக்கடி, சிலது சரியாகாமலே ஆயுள் முழுக்கச் சாய்ந்து வாழும், அதையும் மறைக்காமல் எழுதுவோம்.

இன்னொன்று, 'ஹீட்டர் போட்டுச் சூடேற்று' என்ற வரியை எடுத்துவிட்டேன். குளிர்ந்த நீரில் செரிமானம் மெதுவாகும் என்பது உண்மை, ஆனால் அது குளிர்நாட்டு அறிவுரை. மே மாதச் சென்னையில் தொட்டி ஏற்கெனவே வெந்நீர், சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி.

நெட்டிக்குப் பாம்பனிலும் குமரிக்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். 'மேல்மிதப்பு' எனக்கே கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, தரைதட்டலுக்கு ஈடாக ஒன்று யாரிடமாவது இருக்கிறதா?