சிங்கப்பூர் கப்பல் பயணம்: டிப்ஸை முன்பே கட்ட வேண்டுமா?

டிசம்பரில் சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவு கப்பலில் பால்கனி அறை போட்டிருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகன், அம்மா என 4 பேர். "எல்லாம் அடக்கம்" என்றுதான் சென்னை ஏஜென்ட் பணம் வாங்கினார்.

போன வாரம் வந்த பில்லில், கடைசி வரியில் பொடி எழுத்தில் சேவைக் கட்டணம் (அதாவது பணியாளர்களுக்கான டிப்ஸ்) தனி என்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு இரவுக்கு 18 டாலர், மகனுக்கும் அதே தொகை, ஆக மொத்தம் 288 டாலர். இது போக வைஃபை தனி, குளிர்பானம் தனி, புக்கெட்டில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதும் தனி. பஃபே சாப்பாடும் அங்கே கிடைக்கும் டீயும் டிக்கெட்டிலேயே உண்டாம், அம்மாவுக்கு அது போதும், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பணியாளர்களுக்கான தொகையை முதலிலேயே விலையில் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்?

ஏஜென்ட்டிடம் மூன்று முறை பேசிவிட்டேன், இப்போதே கட்டியே ஆக வேண்டும் என்கிறார். கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் பார்த்தால் "விரும்பினால் முன்பே செலுத்தலாம்" என்று இருக்கிறது. அவர்களுக்கு மெயில் போட்டு 6 நாள் ஆகிறது, பதில் இல்லை. மீதிப் பணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த டிப்ஸ் தொகையை ஏஜென்ட்டிடம் இப்போது கட்டாமல், கப்பலில் கடைசி நாள் அறைக் கணக்கோடு சேர்த்துக் கட்ட விடுகிறார்களா?