கர்ட் வார்னர்: 2002-ல் என்னதான் ஆச்சு?

நாலாவது டவுன்:

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்காக (பந்தை வாங்கி எறிபவர்) இருந்த கர்ட் வார்னர் ஆடிய வருடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 1994-ல் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் முகாமுக்குக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பியது. அயோவாவில் ஹை-வீ கடையில் மணிக்கு 5.50 டாலருக்கு அலமாரியில் சரக்கு அடுக்கினார். அப்புறம் அரீனா ஃபுட்பால் (சின்ன உள்ளரங்க மைதானத்தில் ஆடுவது), ஆம்ஸ்டர்டாம் அணி, 1998-ல் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ராம்ஸ் அணி. இதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது, அதனால் விடுங்கள்.

எனக்கு இடிப்பது அதற்குப் பிந்திய கதை. 1999, 2001 இரண்டு சீசனிலும் லீக்கின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) அவர்தான். 2002-ல் அவர் முதலிலிருந்தே களமிறங்கிய 6 ஆட்டமும் தோல்வி. டச்டவுனாக (எல்லைக்கோடு தாண்டி எடுக்கும் புள்ளி) முடிந்த எறிதல் 3, எதிராளி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 11. 2003-ல் முதல் ஆட்டத்தோடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். 2004-ல் ஜயன்ட்ஸ் அணியில் 5 வெற்றி, 4 தோல்வி என்று இருக்கும்போதே ஈலை மேனிங்குக்கு இடம் விட வேண்டியதாயிற்று. ஆள் முடிந்தார் என்று பார்த்தால், 37 வயதில் அரிசோனா அணியைச் சூப்பர் பௌலுக்கு (லீக்கின் இறுதி ஆட்டம்) கூட்டிப் போகிறார். எங்கே கேட்டாலும் "விரல் உடைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு விரலுக்கு இவ்வளவா? கையா, ஆட்டத் திட்டமா, அவருக்குக் காவல் நிற்கும் லைன்மேன்களா?

ஏழடி:

முதலில் எண்களை ஒழுங்காகப் பிரிப்போம். 1999-ல் 499 எறிந்து 325 பிடிபட்டது, 65.1 சதவீதம். 2002-ல் 220-க்கு 144, 65.5 சதவீதம். குறி தவறிவிட்டது என்று சொல்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. சரிந்தது வேறு இரண்டு. ஓர் எறிதலுக்குக் கிடைத்த யார்டு 8.7-லிருந்து 6.5 ஆனது. இன்டர்செப்ஷன் 2.6 சதவீதத்திலிருந்து 5-க்கு ஏறியது. பாஸர் ரேட்டிங் (எறிபவருக்கான மதிப்பெண்) 109.2-லிருந்து 67.4-க்கு விழுந்ததற்கு இவையும் டச்டவுன் வறட்சியும்தான் காரணம். ஆக, பக்கத்தில் போடும் பாஸ் எல்லாம் போய்ச் சேர்ந்தது. நடுத்தூரமும் நெடுந்தூரமும்தான் போச்சு.

இப்போது விரலுக்கு வருவோம். பந்து ஏறக்குறைய 28 செ.மீ. நீளம், 400 கிராம் எடை. பெரும்பாலான குவாட்டர்பேக்குகள் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் தையல் மேல் வைத்துப் பிடிப்பார்கள். ஆள்காட்டி விரல் தையலுக்கு வெளியே, பின்முனைப் பக்கமாக இருக்கும். கையை விட்டுப் போகும்போது கடைசியாகப் பந்தைத் தொடுவது அதுதான். தோளுக்குப் பின்னால் பந்தைத் தூக்கி, கை முன்னே திரும்பும் அந்தக் கணத்தில் பந்து உள்ளங்கையில் வழுக்காமல் தடுப்பது தையலை அழுத்தும் அந்த இரண்டு விரல்கள். சுண்டுவிரலால் அழுத்த முடியாவிட்டால் பந்தின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், சுழற்சி கலையும், பந்து மிதக்க ஆரம்பிக்கும். 6 யார்டு பாஸில் அது தெரியாது. 18 யார்டு தாண்டி, லைன்பேக்கர் (நடுவில் நிற்கும் தடுப்பாளர்) தலைக்கு மேலேயும் சேஃப்டிக்கு (கடைசியில் நிற்கும் தடுப்பாளர்) முன்னாலேயும் விழ வேண்டிய பாஸில் பந்து அரை விநாடி மிதந்தால் பிடிப்பது எதிராளிதான்.

2000-லேயே எறியும் கையில் முறிவு ஏற்பட்டு 5 ஆட்டம் வெளியே இருந்தார். 2002 செப்டம்பரில் டல்லஸுக்கு எதிராக அதே கையின் சுண்டுவிரல் உடைந்தது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவை.

பழைய ராம்ஸ்:

ஏழடி சொன்ன பிடி சமாச்சாரம் எல்லாம் சரி. ஆனால் விரல் உடைந்தது நாலாவது ஆட்டத்தில். அதற்கு முந்திய மூன்று ஆட்டங்களிலேயே 1 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அதை எந்த விரல் கணக்கில் எழுதுவது?

ராம்ஸ் பயிற்சியாளர் மைக் மார்ட்ஸின் திட்டத்தைப் பாருங்கள். அடிக்கடி ஐந்து பேரையும் பாஸ் வாங்க ஓடவிடுவார். காவலுக்கு மிஞ்சுவது ஐந்து லைன்மேன்கள். எதிரணி ஆறு பேரை ஏவினால் ஓர் ஆள் தடையே இல்லாமல் வருவான். அவனுக்குக் குவாட்டர்பேக்தான் பதில் சொல்லியாக வேண்டும், அதாவது அவன் வந்து சேருமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஏழு காலடி பின்வாங்கி, ஒரு சின்ன எட்டு முன்வைத்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே அவன் திரும்பப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். ஐசக் புரூசும் டோரி ஹோல்ட்டும் எந்த அடியில் திரும்புவார்கள் என்று தெரிந்த கைக்கு இது சொர்க்கம்.

2002 பிப்ரவரி சூப்பர் பௌலில் பேட்ரியட்ஸ் இந்தக் கடிகாரத்தைத்தான் குழப்பியது. வார்னரைத் துரத்துவதைவிட பந்தோடு ஓடும் மார்ஷல் ஃபாக்கை ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) இடித்தார்கள், ரிசீவர்களைக் கோட்டிலேயே கைவைத்துத் தடுத்தார்கள். வழிகள் அரை விநாடி தாமதமாயின. வார்னர் பந்தோடு காத்திருந்தார். மைக் வ்ராபெல் தடையில்லாமல் வந்து மேலே விழ, தப்பிப் போன பந்தை டை லா பிடித்து 47 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். 20-17 என்று பேட்ரியட்ஸ் ஜெயித்தது. மாதிரி வினாத்தாள் வெளியே வந்துவிட்டது, அடுத்த சீசனில் மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ஃபாக்கின் ஓட்டமும் 2001-ல் 1,382 யார்டு, 2002-ல் 953.

ஏழடி:

வினாத்தாள் வாதம் பாதி தூரம்தான் போகும். அதே 2002-ல், அதே மார்ட்ஸ் திட்டத்தில், அதே லைனுக்குப் பின்னால் மாற்றுக் குவாட்டர்பேக் மார்க் பல்ஜர் 6 ஆட்டம் ஜெயித்தார். திட்டம் செத்திருந்தால் அவருக்கும் அல்லவா செத்திருக்க வேண்டும்?

என் கணிப்பு இது: கைப்பிடியில் நம்பிக்கை இல்லாதவன் ரிசீவர் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எறிவான். மற்ற அணிகளில் அந்தத் தாமதத்துக்குக் கூடுதல் காவல் இருக்கும். மார்ட்ஸிடம் கிடையாது. காத்திருந்தால் அடி விழும், அடி விழும்போது பலமில்லாத பிடியிலிருந்து பந்து நழுவும். 2003 முதல் ஆட்டம், ஜயன்ட்ஸுக்கு எதிராக: 6 ஃபம்பிள் (பந்து கை நழுவுவது). மூளையதிர்ச்சியோடு மருத்துவமனை. அத்தோடு பல்ஜர் வந்தார். கையும் திட்டமும் தனித்தனிக் காரணங்கள் இல்லை, ஒன்றை ஒன்று பெரிதாக்கின.

நாலாவது டவுன்:

நன்றி, இது புரிகிறது. இன்னொரு சந்தேகம். அரீனாவில் ஆடியவர் வேகமாக எறியப் பழகியிருப்பாரே? அவர் ஏன் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்?

பாக்கெட்வாசி:

அரீனாவில் வேகம் வரும், ஆனால் அது கையின் வேகம். மைதானம் 50 யார்டு நீளம், 85 அடி அகலம். என்எஃப்எல் மைதானத்தின் அகலமே 160 அடி. பக்கத்துக்கு 8 பேர். ஸ்னாப்புக்கு முன்பே ஒரு ரிசீவர் கோட்டை நோக்கி ஓடி வரலாம், அதனால் இரண்டு எட்டில் முழு வேகத்தில் இருப்பான். ஜன்னல் எல்லாம் சின்னது, சீக்கிரம் மூடும். 1995 முதல் 97 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸில் அதைத்தான் பழகினார்: காதுப் பக்கத்திலிருந்து சுருக்கமாக எறிவது, முகத்துக்கு நேரே ஆள் வரும்போதும் கண்ணைத் தாழ்த்தாதது. ஆனால் எறியலாமா என்று முடிவெடுப்பது வேறு திறமை. கை வேகமாக இருப்பவனுக்கு "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்ற ஆசை அதிகமாகவே வரும்.

அதன் நல்ல பக்கத்தைப் பார்க்க 2000 ஜனவரி 30 சூப்பர் பௌல் ஆட்டம் போதும். டைட்டன்ஸுடன் 16-16, ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான் பாக்கி. ஜெவோன் கீர்ஸ் இடிக்கும் வரை நின்று எறிகிறார், பந்து எட்டவேண்டிய தூரத்துக்குக் குறைவாகப் போகிறது, புரூஸ் பின்வாங்கி வந்து பிடித்து 73 யார்டு டச்டவுன். 23-16. அதே பழக்கம்தான் மூன்று வருடம் கழித்து அடி வாங்கியது.

அரிசோனாவில் என்ன மாறியது என்றால், முதலில் கையுறை. இரண்டு கையிலும் போட்டு ஆடினார். குளிருக்காக அல்ல, பிடிமானத்துக்காக. இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பிடி போன கைக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. அடுத்தது ரிசீவர்கள். லாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆன்குவான் போல்டினும் திரும்பி முடிக்கும் வரை காத்திருக்கவே வேண்டாம். காவலாளி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் உயரத்தில் போட்டால் பிடித்துவிடுவார்கள். அதனால் பந்து சீக்கிரம் கையை விட்டது. 2008-ல் 598 எறிதல், 67.1 சதவீதம், 4,583 யார்டு, 30 டச்டவுன். ஓர் எறிதலுக்கு 7.7 யார்டு. 1999-ன் 8.7 திரும்பி வரவில்லை, வரவும் தேவைப்படவில்லை.

பழைய ராம்ஸ்:

கையுறையை மட்டும் ரொம்பத் தூக்க வேண்டாம். 2009 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஸ்டீலர்ஸ் 27-23 என்று முன்னிலையில் இருக்கும்போது, கடைசி விநாடிகளில் லாமார் வுட்லி பின்னாலிருந்து தட்டிப் பந்து விழுந்ததும் அதே கையுறைக் கையிலிருந்துதான்.

பாக்கெட்வாசி:

எறியப்போகும் கையைத் தட்டினால் எந்தக் கையுறையும் நிற்காது. அது லைனின் இடது பக்கமோ வலது பக்கமோ உடைந்ததன் விலை. நாலாவது டவுன், 2010 ஜனவரியில் பேக்கர்ஸுக்கு எதிரான 51-45 பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தையும் பாருங்கள்: 33-க்கு 29, 379 யார்டு, 5 டச்டவுன். ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விடும் வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே பாருங்கள். பிறகு 2002 ஆட்டம் ஒன்றை எடுத்து அதே மாதிரி எண்ணுங்கள்.