புதுப்பிப்பு: பெங்களூரு வேலையை விட்டு ஏற்காடு வந்த பிறகு

ஐடி வேலையை விட்டுவிட்டு மாமாவின் காபித் தோட்டத்துக்குப் போகலாமா, பிளேஸ்டேஷனை விற்றுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போ, ஆனால் விற்காதே என்றுதான் பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

இப்போது பறிப்புக் காலம். சிவந்த பழத்தை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். "மாப்ளே, பச்சை கலந்தா ருசி போயிடும்" என்று மாமா கூடையைக் கிளறிப் பார்ப்பார்.

அப்புறம் கேம். மலையில் நெட் சரியில்லை, அதனால் ஆன்லைன் ஷூட்டிங் எல்லாம் போயிற்று. ராத்திரியில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம்தான். 2016இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்தார். அதில் காபிக் கொட்டை நட்டால் 10 நாளில் காய்க்கும். இங்கே அரபிகா நாற்று முதல் காய் தர 3, 4 வருஷம் ஆகும். ஆனாலும் பருவம் மாறினால் வேலையே மாறிவிடும் என்ற உணர்வை அந்த கேம் அப்படியே பிடித்திருக்கிறது. எனக்கு அது போதும்.

சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கிறேன். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. சென்னைக்குப் போகாமல் இங்கிருந்தே படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். கேமும் இங்கிருந்து வரலாமே! கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், சேர்வராயன் மலையில் நடக்கும் காபித் தோட்ட கேம் ஒன்றுக்காக. பிக்சல் படம் வரையத் தெரிந்தவர்கள் சேலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வருவேன்.