புதுப்பிப்பு: இலை சிவந்த அந்தப் புதர்ச்செடி கிரேப் மிர்ட்டில்தான்

இலையுதிர்காலத்தில் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் மஞ்சளாகவும் நின்ற புதர்ச்செடியின் பெயரைக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அது பூமருதின் நெருங்கிய உறவான கிரேப் மிர்ட்டில், அறிவியல் பெயர் லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா.

இலை நிறத்தை நம்பாமல், பூக்கும் வரை காத்திருந்து இதழின் அடியைப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது: கசங்கிய காகிதம்போல் சுருங்கிய ஆறு இதழ்களும் நூல்போன்ற தனித்தனிக் காம்புகளில் நின்றன. பூமருதின் இலையும் உதிரும் முன் சிவக்கும் என்பதால் நிறம் உதவவில்லை; ஏறத்தாழ 4 செ.மீ. அகலமே உள்ள பூவும், 7 செ.மீ.க்கு மிகாத இலையும், உரிந்து வழவழப்பான பட்டையும்தான் பூமருதா, கிரேப் மிர்ட்டிலா என்ற ஐயத்தைத் தீர்த்தன.

எதிர்பாராதது ஒன்று: வெயில் படும் இலைகளில்தான் சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் மிகுதியாகச் சேர்கிறது, நிழல்பக்க இலைகள் மஞ்சளோடு நின்றுவிடுகின்றன. இரண்டு செடிகள் பின்னிக் கிடக்கின்றன என்று அடம்பிடித்தவன் நான்தான்.