பிரான்ஸ் டெலிகாம்: ஆள்குறைப்பு நிர்வாகப் பண்பாடான கதை

கேள்வி: பிரான்சின் தொலைத்தொடர்பு நிறுவனமான பிரான்ஸ் டெலிகாமின் ஊழியர்கள் பலர் 2008, 2009 ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்டதற்கும் அங்கு நிலவிய நிர்வாகப் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பை நண்பர்கள் விளக்க இயலுமா?

மறுமொழி 1: 2004-இல் நிறுவனத்தில் அரசின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதியை இழக்கவில்லை என்பதால், அவர்களைப் பணிநீக்கம் செய்வது எளிதாக இல்லை. ஆயினும் மூன்றாண்டுகளில் 22,000 பேரைக் குறைப்பது என்ற இலக்கை 2006-இல் தலைமை அறிவித்தது. விளைவாக, ஊழியர்களைத் தாமாகவே விலகச் செய்வதே மேலாளர்களின் அன்றாடப் பணியாயிற்று. கட்டாய இடமாற்றங்கள் தொடர்ந்தன; பல்லாண்டுகள் இணைப்புகளைப் பராமரித்த தொழில்நுட்பப் பணியாளர்கள், எழுதித் தந்த வாசகங்களை ஒப்பிக்கும் அழைப்பு மையங்களில் அமர்த்தப்பட்டனர். தொழில் திறமையே தன்மதிப்பாக இருந்தவர்களுக்கு இது எத்தகைய அடி என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2: வழக்கின் முடிவையும் சேர்க்க விரும்புகிறேன். பாரிஸ் நீதிமன்றம் 2019 டிசம்பரில் முன்னாள் தலைவர் டிடியே லொம்பார் உள்ளிட்டோரைத் தண்டித்தது மரணங்களை விளைவித்த குற்றத்துக்காக அன்று, நிறுவனக் கொள்கையாகவே நடத்தப்பட்ட துன்புறுத்தலுக்காக. நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 75,000 யூரோ மட்டுமே, இது மிகக் குறைவு என்பது என் கருத்து.

மறுமொழி 3: அந்தக் குற்றத்தீர்ப்பை 2025 ஜனவரியில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.