பீட்டர்பாட் 500 கி.மீ.: அப்பாவோடு நடக்கத் திட்டம், வழி சொல்லுங்கள்

ஐந்தோவன் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். மே நடுவில் அப்பா ஊரிலிருந்து வருகிறார், ஆகஸ்ட் முதல் வாரம் வரை என்னோடு இருப்பார். வயது 64. வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர், அதனால் நடை அவருக்குப் பழக்கம்தான். போன தடவை வந்தபோது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சலித்துப் போனார். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று இருக்கிறேன்.

பீட்டர்பாட் என்ற நெடுந்தூர நடைபாதை பற்றி அலுவலகத்தில் சொன்னார்கள். வடகோடியில் பீட்டர்பூரன் கிராமத்தில் தொடங்கி, தெற்கே மாஸ்ட்ரிக்டை ஒட்டிய சிண்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்றில் முடிகிறது. சுமார் 500 கிலோமீட்டர், 26 கட்டங்கள். ஜூனில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து, நாளுக்கு 25 கி.மீ. வீதம், முதுகில் பையும் கூடாரமும் சுமந்து ஒரே மூச்சாக முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இது சரிப்படுமா? அப்பா சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். எந்த ஊர்களில் தங்குவது, எதை முதலில் பதிவு செய்வது என்று நடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குரோனிங்கன் அக்கா:

தங்கச்சி, நல்ல காரியம். நான் குரோனிங்கனில்தான் இருக்கிறேன். இந்தப் பாதை என் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஊரைக் கடந்து போகிறது. முழுப் பாதையையும் நடந்திருக்கிறேன், பிடித்த பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கூடாரத்தை விட்டுவிடு. கண்ட இடத்தில் கூடாரம் போட இந்த நாட்டில் அனுமதி இல்லை. முகாம் திடல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்காகப் பாதையை விட்டு விலகிப் போக வேண்டியிருக்கும், சுமையும் கூடும். அப்பா பழனிக்கு நடக்கும்போது வழியெல்லாம் அன்னதானம், நீர்மோர், படுக்க மண்டபம் என்று கிடைத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இருக்காது. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணி வரை ஒரு காபிக் கடைகூடத் திறந்திருக்காது. அவர் நடை வேகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்த வெறுமைக்கு மட்டும் அவரை முன்கூட்டியே தயார்படுத்து.

அடுத்தது, ஒரே மூச்சாக முடிக்கும் யோசனை. இந்தப் பாதையை வகுத்தவர்கள் இரண்டு பெண்கள், டோஸ் கோர்ஹௌஸ் சால்ஸ்மா, பெர்ட்யே யென்ஸ். ஒருவர் டில்பர்க், இன்னொருவர் குரோனிங்கன். இரண்டு பேரும் சேர்ந்து வழியைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்து, 1983-ல் பாதை திறக்கப்பட்டது. ஒரு கட்டம் என்பது பெரும்பாலும் 15 முதல் 24 கி.மீ. தான். முதல் கட்டமான பீட்டர்பூரன் முதல் வின்சம் வரை வெறும் 12. ஒரு நாளில் நடந்து முடித்து இரவு ஓர் ஊரில் தங்குகிற அளவுக்குத்தான் இது பிரிக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ளவர்களில் பலர் வருடக்கணக்கில், கிடைக்கும் வார இறுதிகளில் துண்டு துண்டாக நடக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நான் உனக்குச் சொல்வது இதுதான்: தினமும் ஊர் மாறாதே. ரயில் நிலையம் உள்ள ஓர் ஊரில் சில இரவுகள் தங்கு, பெரிய பையை அறையிலேயே வை. காலையில் ரயிலில் போய் இறங்கி நட, மாலையில் ரயிலில் திரும்பி வா. 64 வயதுக்காரர் பத்துக் கிலோ பையோடு நடப்பதும், ஒரு தண்ணீர்ப் புட்டியும் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் எடுத்துக்கொண்டு நடப்பதும் ஒன்றா?

குரோனிங்கனில் தங்கினால் முதல் மூன்று கட்டங்களை அப்படியே முடிக்கலாம். வின்சமுக்கு ரயில், அங்கிருந்து பீட்டர்பூரனுக்குப் பஸ். இரண்டாம் நாள் வின்சமிலிருந்து குரோனிங்கனுக்கு நடந்தே வீடு சேரலாம். மூன்றாம் நாள் சௌட்லாரன் வரை நடந்து பஸ்ஸில் திரும்பலாம். கூவோர்டன், ஹார்டன்பெர்க், ஒம்மன் மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. ஒம்மனில் அறை எடுத்தால் அந்த இரண்டு கட்டங்களும், அதற்கு அடுத்து ஹெலன்டோர்ன் போவதும் சுலபம். ஹெலன்டோர்னுக்குப் பக்கத்து ரயில் நிலையம் நைவெர்டால். ஹோல்டன், வோர்டன் பகுதிக்கு சுட்ஃபன் நல்ல தங்குமிடம். நடுவே லாரன் என்று ஓர் ஊர் வரும், அது கெல்டர்லாண்ட் மாகாணத்து லாரன். ஆம்ஸ்டர்டாம் பக்கத்திலும் ஒரு லாரன் இருக்கிறது, அறை பதிவு செய்யும்போது மாகாணத்தைப் பார்த்துக்கொள்.

இந்த உத்தி பலிக்காத இடம் ட்ரெந்தே மாகாணத்தின் நடுப்பகுதி: ரோல்டே, ஸ்கோன்லோ, ஸ்லேன். மூன்றிலும் ரயில் இல்லை. ரோல்டேயிலிருந்து ஆசனுக்குப் பஸ் உண்டு. ஸ்கோன்லோ ரொம்பச் சின்ன ஊர், அறைகள் கொஞ்சம்தான். எனவே மற்றதைத் தொடுவதற்கு முன் ஸ்கோன்லோவிலும் ஸ்லேனிலும் படுக்கை உறுதி செய். அந்த இரண்டு இரவும் எந்தத் தேதியில் கிடைக்கின்றனவோ, அதை வைத்து மற்ற நாட்களை முன்னும் பின்னும் அடுக்கு. பல பேர் முதல் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்துகொண்டே வந்து இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

தங்குவதற்கு 'ஃப்ரீண்டன் ஓப் டே ஃபீட்ஸ்' என்ற அமைப்பில் சேர்ந்துகொள். சைக்கிளிலோ நடந்தோ வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையும் காலை உணவும் தருவார்கள், செலவு ஓட்டலைவிட மிகக் குறைவு. சைவம் என்பதை முன்பே எழுதிவிட்டால் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். அப்பாவுக்கு டச்சுக் குடும்பம் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் உட்காரும் வாய்ப்பு வேறு எப்படிக் கிடைக்கும்?

ரோல்டேயில் தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு ஹூனபெட்கள் இருக்கின்றன, அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்திய கல்லறைகள். நாட்டில் இருக்கும் 54-ல் 52 இந்த ஒரு மாகாணத்தில்தான் உள்ளன. அந்தப் பாறைகள் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்தவை. புதுக்கோட்டைப் பக்கம் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

வென்லோவாசி:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் இலங்கையிலிருந்து வந்து வென்லோவில் இருக்கிறேன், பாதையின் தெற்குப் பக்கம் எனக்கு நல்ல பழக்கம். ஒன்றைச் சேர்க்க வேணும். தங்கச்சி ஐந்தோவனில் இருக்கிறபடியால் லிம்பர்க் மாகாணத்துக் கட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடுப்பே தேவையில்லை. வென்லோவுக்கு நேர் ரயில், முக்கால் மணித்தியாலம்கூட ஆகாது. சிட்டார்ட், மாஸ்ட்ரிக்ட் இரண்டும் ஒரே தடம். வென்லோ முதல் ஸ்வால்மன் வரைக்கும் இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருக்கு. ஸ்ட்ராபேக்குக்கு ஹௌட்டம் நிலையம் கிட்ட. மோன்ட்ஃபோர்ட்டும் ஸ்வோல்கனும்தான் பஸ்ஸை நம்பியவை. சில ஊர்களில் ஓடுவது தொண்டர்கள் ஓட்டும் சின்னப் பஸ், அது பெரும்பாலும் சனி ஞாயிறு ஓடாது. அந்த இரண்டையும் வேலை நாளில் வையுங்கோ.

ஆனால் ஒரு விஷயம். கடைசிக் கட்டத்தை மட்டும் கடைசிக்கே வையுங்கோ. வடக்கின் களிமண் வயலும் ட்ரெந்தேயின் மணலும் நடந்த கால்கள் சுண்ணாம்புக்கல் குன்றில் ஏற வேணும், அதுதான் வடிவு. தெற்கிலிருந்து தொடங்கினால் அந்த ஏற்றம் முதல் நாளே முடிந்து போகும்.

சப்பாத்து பற்றியும் சொல்லுறேன். தட்டை நாடு என்று நினைத்து மெல்லிய அடிப்பாகம் போட வேண்டாம். வடக்கில் செங்கல் பாதையும் தார்ச் சாலையும் நிறைய. ஏற்ற இறக்கம் இல்லாததால் பாதத்தின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழும், குதி நோகும். அப்பா பழனிக்கு வெறுங்காலோடு நடக்கிறவர் என்றால் சப்பாத்து அவருக்குப் புதுசாக இருக்கும். வந்த உடனேயே வாங்கிக் கொடுத்துப் பழக்குங்கோ.

நைமேகன் மாணவன்:

இரண்டு எச்சரிக்கை. ஜூலையின் மூன்றாவது செவ்வாயில் நைமேகனில் நான்கு நாள் நடை விழா தொடங்கும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடப்பார்கள், ஒரு நாள் முழுக்க க்ரூஸ்பேக் வழியாகத்தான். அந்த வாரம் பாதையில் வரும் மில்லிங்கன், க்ரூஸ்பேக் பக்கம் அறை தேடவே வேண்டாம். விடுப்பு நாட்களான இயேசுவின் விண்ணேற்றம், பெந்தெகொஸ்தே வார இறுதிகளிலும் இதே கதை.

இரண்டாவது, மே கடைசி முதல் ஜூலை வரை ஓக் மரங்களில் ஊர்வலமாகப் போகும் கம்பளிப்பூச்சிகள். அவற்றின் முடி காற்றில் பறந்து பட்டாலே அரிப்பும் கண் எரிச்சலும் வரும். எச்சரிக்கைப் பட்டை கட்டிய மரத்தடியில் உட்காராதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் ஒட்டு நாடாவை ஒட்டி எடுத்து, பிறகு தண்ணீரில் கழுவ வேண்டும். உண்ணிக்கு, நடந்து வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் குடும்ப மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஐந்தோவன் மகள்:

அக்கா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. கூடாரத்தை விட்டாச்சு. ஜூனில் இரண்டு வாரம் மட்டும் விடுப்பு எடுத்து வடக்கை முடித்துவிட்டு, தெற்கை ஜூலை வார இறுதிகளிலும், பஸ்ஸை நம்பியதை மட்டும் வேலை நாளிலும் வைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். சிண்ட் பீட்டர்ஸ்பெர்க் கடைசிதான், வென்லோ அண்ணா சொன்னபடி. இன்னும் இரண்டு சந்தேகம். வழி தவறாமல் இருக்க செயலி வேண்டுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

குரோனிங்கன் அக்கா:

வென்லோ தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், கடைசிக் குன்று கடைசியில்தான் இருக்க வேண்டும்.

வழிக்கு, வெள்ளைப் பட்டைக்குக் கீழே சிவப்புப் பட்டை. மரம், கம்பம், வேலி எங்கும் தீட்டியிருப்பார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் பட்டை அந்தப் பக்கம் வளைந்திருக்கும். பெருக்கல் குறி இருந்தால் அந்த வழியில் போகக் கூடாது. இரு பாகமாக வரும் வழிகாட்டிப் புத்தகத்தையும் வாங்கு, முதல் பாகம் வோர்டனில் முடியும். பாதை அவ்வப்போது மாறும், அதனால் புதிய பதிப்பு, கூடவே பாதையின் இணையதளத்தில் மாற்றங்களைப் பார். அப்பா கையில் புத்தகத்தைக் கொடு, வழி பார்க்கும் பொறுப்பு அவருடையதாகட்டும். கோவில் நடையில் முன்னால் போய்ப் பழகியவருக்கு மகள் கைபேசியைப் பார்த்து இழுத்துக்கொண்டு போவது பிடிக்காது.

சாப்பாட்டுக்கு, மதியத்துக்குக் கையில் எடுத்துக்கொள்வதுதான் நிம்மதி. புளியோதரையும் சப்பாத்தியும் ஒரு நாள் தாங்கும். கிராமத்து உணவகங்கள் பல திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். கிராமத்துக் கடைகளை ஞாயிற்றுக்கிழமை நம்பாதே. திறந்திருந்தால் பான்கேக், முட்டையும் ரொட்டியும், ஆப்பிள் கேக் எங்கும் கிடைக்கும். பட்டாணி சூப்பில் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும். எங்கள் ஊர்க் கடுகு சூப் அருமை, ஆனால் அதிலும் இறைச்சித் துண்டு தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல். சில பண்ணை வீடுகளின் வாசலில் கெட்டில், கோப்பை, ஒரு காசுப் பெட்டி வைத்திருப்பார்கள். காசைப் போட்டுவிட்டு நாமே தேநீர் போட்டுக்கொள்ளலாம். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும் பார்.

ஹெலன்டோர்ன், ஹோல்டன் இடையே உள்ள மேட்டுநிலத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. ஹெதர் புதர்க்காடு ஆகஸ்டில்தான் ஊதாவாகப் பூக்கும், ஜூனில் பச்சையாகவே இருக்கும், ஆனாலும் பார்வைக்கு எட்டும் தூரம் மனசை நிறைக்கும். ஹோல்டன் கனடியப் போர்க் கல்லறை பக்கத்தில்தான். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் இறந்தவர்கள். வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது.

ப்ராம்ட்டிலிருந்து மில்லிங்கன் போகும் நாளில் ஜெர்மன் எல்லைக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும், அப்பாவின் கடவுச்சீட்டு கூடவே இருக்கட்டும். அன்று ரைன் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், பிறகு வேறொரு நாள் ஃபீர்லிங்ஸ்பேக் பக்கம் மாஸ் ஆற்றையும். படகு நேரம் பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும். கடைசிப் படகைத் தவறவிட்டால் அந்தப் பக்கம் பதிவு செய்த அறைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதனால் முதல் நாள் இரவே நேரத்தைப் பார்த்து, அப்பாவின் புத்தக ஓரத்தில் எழுதி வை.