உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட காலத்தில் குடித்துவிட்டு ஓட்டினான் தம்பி. அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

நாமக்கல்காரி:
என் தம்பி டேங்கர் லாரி ஓட்டுநர், வயது 29. இரண்டு மாதத்துக்கு முன்பு குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டான். நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கட்டினான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். போன ஞாயிறு இரவு என் கணவரின் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் சிக்கிக்கொண்டான். ஊதச் சொன்ன கருவியின் சீட்டில் 112 என்று இருக்கிறது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. "இந்த முறையும் பணம் கட்டிவிடலாம், அக்கா" என்கிறான். கட்டினால் போதுமா? அரசுப் பேருந்து ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்தானே, அது என்ன ஆகும்? லாரி முதலாளிக்கு இன்னும் தெரியாது.

சேலம் வழக்கறிஞர்:
போதாது, சகோதரி. போன முறை கட்டிய அபராதம், குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. ஆகவே இது இரண்டாவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.தான் எல்லை. இரண்டாம் முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தடைக் காலத்தில் ஓட்டியதற்கு 182-ஆம் பிரிவு தனியாக வரும்: மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வண்டி கொடுத்திருந்தால் உங்கள் கணவர் மீதும் 180-ஆம் பிரிவு பாயும். சாவியை அவர் கொடுத்தாரா, தம்பி தானாக எடுத்தாரா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வாய்தாவைத் தவறவிடாதீர்கள்.

அரசு விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்கவே கூடாது. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னாலும், ஓட்டுநர் பணிக்கு இந்தக் குற்றம் நேரடியாகவே இடிக்கும். உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையின் ஓட்டுநர் ஒருவர் குடித்துவிட்டு லாரி ஓட்டி ஜீப்பில் மோதினார். பெரிய சேதம் இல்லை என்பதற்காகச் சலுகை காட்ட முடியாது என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னது.

பழைய டேங்கர் ஓட்டுநர்:
அம்மணி, "முதலாளிக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. அப்படியானால் இந்த இரண்டு மாதமும் லாரியை யார் ஓட்டினார்கள்? தம்பிதான் என்றால் இன்றைக்கே இறக்குங்கள். தடையில் இருப்பவன் ஓட்டி யார் மீதாவது மோதினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திருப்பி வசூலிக்கப் பார்க்கும். அவர் ஆண்டியாகிப்போவார்.

எனக்கும் ஒருமுறை மூன்று மாதம் நிறுத்தினார்கள். நானே போய் முதலாளியிடம் சொன்னேன். கிளீனர்கள் எதிரிலேயே திட்டித் தீர்த்தார். மறுநாள் ஷெட்டில் கிரீஸ் அடிக்கச் சொன்னார். பேட்டா கிடையாது, நாட்கூலிதான். நான் ஓட்டிய வண்டியை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதைக் கிரீஸ் கையோடு நின்று பார்த்தேன். அன்றைக்கு விட்டதுதான் குடி. உங்கள் தம்பி தானாக விடமாட்டான் போலிருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கையோடு அழைத்துப் போங்கள்.

நாமக்கல்காரி:
அண்ணா, நீங்கள் கேட்டதையே அவனிடம் கேட்டேன். தடைக் காலத்தில் கரூருக்கு நான்கு லோடு ஓட்டியதாக ஒப்புக்கொண்டான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலையில் முதலாளி வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். லாரிச் சாவியை அவன் மேசைமேல் வைத்தான். அவர் வெகு நேரம் பேசவில்லை; பிறகு, "வாய்தா எப்போது?" என்று மட்டும் கேட்டார். 18-ஆம் தேதி. என் கணவரும் உடன் வருகிறார்.